சாக்கு எடையைக் கழிச்சாச்சா?

விருதுநகர் கமிஷன் கடைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வத்தல் மூட்டையை எடை போட்டதும் வரும் எண்ணைப் பார்த்து மயங்க மாட்டார்கள். “சாக்கு போக சரக்கு எவ்வளவு?” என்றுதான் கேட்பார்கள்.

போன வாரம் சாத்தூரிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். போனில் ஒரு பழைய அமெரிக்க காரைக் காட்டினான். “மாமா, 1971 செவர்லே ஷெவெல். 7.4 லிட்டர் இன்ஜின், 365 ஹெச்.பி.!”

“சாக்கோடவா, சாக்கு போகவா?” என்றேன். முழித்தான்.

அந்தக் காலத்தில் அமெரிக்க கம்பெனிகள் ஃபேன், ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் இன்ஜினைத் தனியாக ஓட்டி அளந்தார்கள். அது மொத்தக் கணக்கு. எல்லாவற்றையும் மாட்டி அளந்தால் நிகரக் கணக்கு. அதே ஷெவெல் இன்ஜினுக்கு அதே வருடம் நிகரம் 285தான். 1972 மாடல்களிலிருந்து நிகரத்தையே சொல்ல ஆரம்பித்தார்கள்.

அதுவும் பாதிக் கதைதான். டிராக் ரேஸ் என்பது நின்ற இடத்திலிருந்து கால் மைல், அதாவது 402 மீட்டர். அங்கே ஹெச்.பி.யை எடையால் வகுத்துப் பார்க்க வேண்டும். சிவகாசி ராக்கெட்டில் மருந்து எவ்வளவு இருந்தாலும், கூடு கனமாக இருந்தால் மேலே போகுமா?

நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். 1983-ல் வந்த ராஜ்தூத் 350-க்கு 30.5 ஹெச்.பி., எடை சுமார் 155 கிலோ. பழைய புல்லட் 350-க்கு 18 ஹெச்.பி., சுமார் 165 கிலோ. 70 கிலோ ஆள் ஏறினால், 100 கிலோவுக்கு ராஜ்தூத்தில் சுமார் 13.5 ஹெச்.பி.; புல்லட்டில் 7.7. சி.சி. ஏறக்குறைய ஒன்றுதான், பாய்ச்சல் வேறு.

“அதான் மாமா, ஒரு ராஜ்தூத் விலைக்கு வருது. பைபாஸ்ல பசங்களோட ஒரு ரேஸ்...” என்று இழுத்தான். வந்த விஷயம் இதுதான்.

“இவ்வளவு நேரம் போட்டது ஓடுற கணக்கு. நிக்கிற கணக்கு போட்டியா?” என்றேன். அந்த வண்டிக்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். 40-ல் போகும் வண்டி 80-ல் போனால், பிரேக் பிடித்து நிற்க இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு தூரம் வேண்டும். டிராக் ரேஸ் திடலில் 402 மீட்டர் தாண்டியும் நிறுத்துவதற்கென்றே நீளமாகக் காலி இடம் விட்டிருப்பார்கள். நம்ம நாலு வழிச் சாலையில் அந்த இடத்தில் பட்டாசு ஆலையிலிருந்து வீடு திரும்பும் பெண்கள் நிறைந்த வேன் நிற்கும். ரேஸ் ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டை மாதிரி பந்தயத் திடலில் ஓட்டட்டும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: “பிரேக் ஷூ மாத்த எவ்வளவு மாமா ஆகும்?”

இப்போதுதான் சாக்கு எடையைக் கழித்திருக்கிறான்!