செயின் மாட்டத் தெரியாத பட்டதாரிகள்

கொடகவெல டவுனிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் பஸ் ஓடுவதில்லை. இருட்டிவிட்டால் த்ரீவீல்காரரும் வரமாட்டார். அதனால்தான் நாலு லயத்து வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் காசு சேர்த்து ஒரு பழைய 100 சிசி பைக் வாங்கினோம். ஆஸ்பத்திரி, டியூஷன், அரிசி மூட்டை எல்லாம் அதில்தான்.

போன மழைக்காலத்தில் எங்களில் ஒருத்தரின் அம்மாவைக் காய்ச்சலுக்குக் காட்டிவிட்டுத் திரும்பும்போது, ஏற்றத்தில் செயின் பல்லைத் தாண்டிக் குதித்து, கழன்று, பின்சக்கரத்துக்குள் சிக்கியது. அம்மா விழுந்தார். முழங்கால் காயத்தோடு போனது நல்ல காலம். அந்தச் செயின் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

குற்றம் யாருடையது? பல் தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்த பழைய பல்சக்கரங்களில் புதுச் செயினை மாட்டிக் கொடுத்தது ஒரு கராஜ். ஆனால் "செயின் மட்டும் போதும் பாஸ், காசில்ல" என்று சொன்னது நாங்கள்தான். அது தப்பு என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்குக் கேட்கவும் தெரியவில்லை. நாலு பேரும் கலைப்பீடம். பின்காலனியம் பற்றி இருபது பக்கம் எழுதுவோம். தினமும் ஏறி உட்காரும் வண்டியில் பல் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரியாது.

அடுத்த செயினை வீட்டு வாசலில் வைத்து நாங்களே போடுவது என்று முடிவெடுத்தோம். உடனே கிளம்பியது பேச்சு. "கெம்பஸ் போற புள்ளைங்களுக்கு எதுக்கு இந்த வேல?" என்றார் பக்கத்து வீட்டு மாமா. எங்களில் இரண்டு பேர் பெண்கள். அவர்களுக்குக் கூடுதலாக இன்னொரு பங்கு ஏச்சு. கெம்பஸ் நண்பர்கள் போட்டோவைப் பார்த்துச் சிரித்தார்கள்: "டிகிரி முடிச்சிட்டு கராஜா?"

இந்தச் சிரிப்போடுதான் எங்கள் சண்டை.

தோட்டம் நம்மை எப்படி அடுக்கி வைத்தது? மேலே தொரை, அப்புறம் கிளாக்கர், கணக்கப்புள்ள, கங்காணி. அடியில் கொழுந்து எடுக்கிற, றப்பர் பால் வெட்டுகிற கை. கையில் கறை என்றால் கீழே, பேனா என்றால் மேலே. இந்த ஏணியைப் பற்றிக் கருத்தரங்கில் நாம் கோபப்படுவோம். ஆனால் கிரீஸ் பட்ட கையைப் பார்த்துச் சிரிக்கும்போது அதே ஏணியில் ஒரு படி மேலே நின்றுதான் சிரிக்கிறோம்.

அம்மாமார் சொல்வது வேறு. "எங்க கை கறுத்தது போதும், ஒங்க கையாவது சுத்தமா இருக்கட்டும்." இதைக் கேலி செய்ய எங்களுக்கு வாய் வராது. நாள்கூலி 1000 ரூபாயாக 2021 வரை காத்திருந்தவர்கள் அவர்கள். அந்தக் கூலியும் ஏச்சும்தான் அவர்களை அப்படிப் பேச வைத்தது. நாம் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்தான் பிழை: கைவேலையே கேவலம் என்று.

இத்தனைக்கும் செயினில் மர்மம் எதுவும் இல்லை. மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனோல்ட் 1880இல் காப்புரிமை பெற்ற உருளைச் செயின்தான் இன்றும் அடிப்படை. செயின் "இழுபடுது" என்கிறோம். இரும்பு இழுபடுவதில்லை. உள்ளே இருக்கிற பின்கள் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீளம் கூடுகிறது. மழையும் செம்மண்ணும் சேர்ந்தால் அரம் போட்ட மாதிரி.

நாங்கள் செய்தது இதுதான். செயினும் இரண்டு பல்சக்கரமும் சேர்ந்த முழு செட்டாக வாங்கினோம். எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில், நடு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினோம். சக்கரத்தைக் கையால் மட்டும் சுழற்றணும். எஞ்சின் ஓடும்போது செயினில் கை வைத்தால் விரல் போகும். புதுச் செயினின் கண்ணிகளைப் பழையதோடு எண்ணிப் பார்க்கணும். பழையது தேய்ந்து நீண்டிருக்கும், பக்கத்தில் வைத்து அளந்தால் ஏமாற்றும். இரண்டு முனையையும் பின் பல்சக்கரத்தின் மேல் வைத்து இணைத்தால் பற்களே பிடித்துக்கொள்ளும். பூட்டு கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்கணும். மாறிப் போட்டால் எதிலாவது தட்டித் திறந்துகொள்ளும். எக்சிலின் இரண்டு பக்கக் குறியும் ஒரே அளவில் இருக்கணும். தொய்வு எங்கள் வண்டிக்கு ஏறக்குறைய 25 மில்லிமீற்றர். ஒங்க வண்டிக்கு அதன் கையேட்டைப் பாருங்க. சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில்தான் அளக்கணும். கடைசியில் எக்சில் நட்டை முறுக்கி, பின் பிரேக்கைத் திரும்பச் சரிபார்க்கணும். சக்கரம் நகர்ந்தால் பிரேக்கும் மாறும்.

முதல் தடவை அரை நாள் போனது. கிளிப்பைத் தலைகீழாகப் போட்டு, கழற்றி, திரும்பப் போட்டோம்.

"அப்போ பாஸ்மார் எப்படிப் பிழைக்கிறது?" என்று கேட்கிறார்கள். எஞ்சினுக்கும் பெயாரிங்குக்கும் அவரிடம்தான் போகிறோம். இப்போது விஷயம் தெரிந்து பேசுகிறோம், அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வி கனமானது. நாமே எல்லாவற்றையும் சரிபண்ணிக்கொண்டால், பஸ்ஸும் பாதையும் கொடுக்க வேண்டியவர்கள் தப்பித்துவிட மாட்டார்களா? கட்டாயம் தப்பிக்கப் பார்ப்பார்கள். "சுயமாக முன்னேறுங்கள்" என்ற மேடைப் பேச்சு நமக்குப் புதுசா? பஸ் கேட்கும் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஸ்பெனரை எடுத்தோம். ஆனால் மனுவுக்குப் பதில் வரும்வரை நோயாளியை ஏற்றிக்கொண்டு இந்த ஏற்றத்தில் ஏறப்போவது இதே வண்டி. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. நம்மிடம் இருப்பதெல்லாம் பல கை மாறிய வண்டிகள். 2022இல் வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலுக்குக் கியூவில் நின்றபோதும் இவற்றை ஓடவைத்தது யார்? நாம் பார்த்துச் சிரிக்கிற அந்தக் கறுத்த கைகள்தான்.

அடுத்த போயாவுக்கு லயத்து வாசலில் இருப்போம். மண்ணெண்ணெய், பழைய துணி, 90 கியர் ஒயில் எங்களிடம் இருக்கு. பைக் இருக்கிறவங்க கொண்டு வாங்க, இல்லாதவங்க கையைக் கொண்டு வாங்க. தங்கச்சிமாரையும் கூட்டிட்டு வாங்க.