எல்லா போனுக்கும் பாடுமாம்! இயர்போன் வாங்குவோர் உஷார்!

வேப்பம்பட்டில் காலை மின்சார ரயில் ஏறி சென்ட்ரல் போகிறவர்களுக்குப் பாட்டுதான் துணை. அந்தத் துணைக்கும் இப்போது வந்தது வினை!

புது செல்போன்கள் பலவற்றில் இயர்போன் சொருகும் உருண்டை ஓட்டையைக் காணோம். 2016-ல் ஆப்பிள் கம்பெனி ஐபோன் 7-ல் அதைத் தூக்கியது. மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே போயின. சார்ஜ் போடும் 'டைப் சி' ஓட்டையில்தான் இனி பாட்டும்.

பழைய இயர்போனை மாட்ட ஒரு வால் துண்டு விற்கிறார்கள். அடாப்டர் என்று பெயர். இதில் 2 ரகம். பார்க்க இரண்டும் ஒன்றுதான்! ஒன்றில் வெறும் கம்பி. போனே ஒலியாக மாற்றி அனுப்பினால்தான் அது பாடும். பல போன்கள் ஒலியாக அனுப்புவதில்லை, டிஜிட்டலாகத்தான் அனுப்புகின்றன. அதை ஒலியாக்க 'டாக்' என்ற சில்லு வேண்டும். இரண்டாவது ரகத்தில் அது உள்ளேயே இருக்கிறது.

"எல்லா போனுக்கும் போடும் சார்" என்று ஒரு கடையில் என் தலையில் கட்டியது முதல் ரகம். மாட்டினேன். கப்சிப்! திருப்பிக் கொடுக்கப் போனால், "பிரிச்சதை எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். பிரிக்காமல் எப்படி ஐயா மாட்டுவது?

கடைக்காரர்கள் கோபிக்கக்கூடாது. 'டாக்' உண்டா இல்லையா என்று அட்டையில் அச்சடித்துத் தரச் சொல்லி மொத்த வியாபாரியிடம் கேளுங்கள். வாங்குகிறவர்களும் போனை மாட்டிப் பார்த்துவிட்டே காசை நீட்டுங்கள்.

சில போன்களில் செட்டிங்கில் 'ஓ.டி.ஜி.'யை ஆன் செய்ய வேண்டும். சும்மா விட்டால் அதுவே அணைந்துவிடும். இது தெரியாமல் நல்ல அடாப்டரைக் கடாசியவர்களும் உண்டு!

ப்ளூடூத் வாங்கேன் என்பார்கள். அதற்கும் சார்ஜ் போட வேண்டும். ரயில் நெரிசலில் காதிலிருந்து விழுந்தால் போச்சு!

இன்னொரு விஷயம். ரயிலை விட்டு இறங்கியதும் காதில் இருப்பதைக் கழற்றுங்கள். 2023 நவம்பரில் இதே வேப்பம்பட்டில் தண்டவாளம் கடந்த தந்தையும் 2 மகள்களும் ரயில் மோதிப் பலியானார்கள். அதற்கும் இயர்போனுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் ரயில் சத்தம் காதில் விழுந்தால்தானே ஒதுங்க முடியும்? தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்தால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் 6 மாதம் வரை ஜெயில், ரூ.1000 வரை அபராதம். காதை அடைத்துக்கொண்டு குறுக்கே போகிற ஆசாமிகளுக்குப் போலீசார் ரசீது கிழித்தால், நான் அவர்கள் பக்கம்தான்.