டீச்சரக்கா விஷயமாக ஊருக்கு ஒரு மடல்

நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கும், அண்ணாச்சிமார், மதினிமாருக்கும், மாலைப் பள்ளியில் என்னோடு படித்தவர்களுக்கும்,

மாலைப் பள்ளி டீச்சரக்காவை, பள்ளியை நடத்தும் டிரஸ்ட்காரர்கள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டது, நீங்கள் பள்ளிக்கூட கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தது, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசுக்கு வேன் பிடித்துப் போனது எல்லாம் போன் வழியாக எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. மனுவின் போட்டோவையும் பார்த்தேன். முதல் பக்கம் முழுக்க அக்காவின் பெருமை, அடுத்த பக்கங்களில் கையெழுத்தும் கைநாட்டும். கேட்டிருப்பது ஒரே ஒரு வரி: அக்காவைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும். அந்த ஒரு வரி போதாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது உள்ள பிள்ளைகளுக்குப் பழைய கதை தெரியாது. விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து ஆரன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தோடு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. ஆபீசுக்குப் போகாத பிள்ளைகள் வீட்டில் பெட்டி ஒட்டினோம். 1986-இலேயே குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்துவிட்டது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு பேப்பரில் வந்தது, பஸ்ஸும் வந்துகொண்டுதான் இருந்தது. அந்தக் காலத்தில்தான் அக்கா சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த ஓட்டுக் கட்டடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வாசலில் ஒரு வாளி வெந்நீர் இருக்கும். விரலில் மைதாப் பசை காய்ந்து போயிருந்தால் பென்சில் பிடிக்க வராது. கையை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த வாளிக்குப் பிறகுதான் அ, ஆ.

இந்தக் கதையைக் கலெக்டரிடம் சொல்ல வேண்டியதுதான். ஆனால் டிரஸ்ட் இதை மறுக்கவே இல்லை. அவர்கள் கொடுத்த கடிதத்திலும் அக்காவின் சேவையைப் பாராட்டித்தான் தொடங்கியிருக்கிறார்கள். அப்புறம் 'பணிகள் மறுசீரமைப்பு' என்று இரண்டு வரி, சாவியையும் பதிவேடுகளையும் ஒப்படைக்கச் சொல்லி ஒரு தேதி. பாராட்டும் நீக்கமும் ஒரே தாளில்.

நான் இங்கே அமெரிக்காவில், ஓக்லாந்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். போர்டு கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து கணக்கை வாசிப்பது என் வேலை. அதனால் போர்டுகாரர்கள் எப்படி யோசிப்பார்கள் என்று கொஞ்சம் தெரியும். டிரஸ்ட் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்காவின் கணக்கு சரியில்லை என்று அவர்கள் சொல்வதில் பாதி நியாயம். அக்கா வவுச்சருக்குப் பதில் தீப்பெட்டி லேபிள் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து நிலைமை வேறு. வெளிநாட்டுப் பணம் டெல்லியில் உள்ள ஒரே ஒரு ஸ்டேட் பாங்க் கிளைக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு பாதி வரை போகலாம் என்று இருந்தது 20 சதவீதம் ஆகிவிட்டது. வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றிக் கொடுக்கவும் தடை. வெளிநாட்டுப் பணம் இறுகினால் எல்லோரும் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி பக்கம் ஓடுகிறார்கள். கம்பெனிக்காரர்களுக்குப் போட்டோ எடுக்கத் தோதான, ஒரு வருஷத்தில் முடிகிற திட்டம் வேண்டும். மாலைப் பள்ளியை மூடித் தையல் பயிற்சிக்கூடம் ஆக்கலாம் என்ற யோசனை அங்கிருந்துதான் வந்திருக்கும். அக்கா மறுத்தார்கள். மீதிப் பாதி காரணம் அதுதான், அதைக் கடிதத்தில் எழுத மாட்டார்கள்.

இங்கேயும் இதே மாதிரி ஒன்று நடந்தது. பெர்க்லியில், நான் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான், மார்ட்டின் லூதர் கிங் பெயருள்ள சாலையில் கே.பி.எஃப்.ஏ. என்று ஒரு வானொலி நிலையம். 1949 ஏப்ரலில் ஆரம்பித்தது. விளம்பரம் கிடையாது, நேயர்கள் அனுப்பும் பணத்தில்தான் பிழைப்பு. நடத்துவது பசிபிக்கா என்ற அறக்கட்டளை, அதற்கு ஒரு தேசியப் போர்டு. 1999 பிப்ரவரியில் அந்தப் போர்டு ஒரு விதியை மாற்றியது: உள்ளூர்க் குழுக்களிலிருந்து இனி யாரும் போர்டுக்கு வர வேண்டாம், போர்டே தன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்று. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மார்ச் 31-ஆம் தேதி நிலையத்தின் மேலாளர் நிக்கோல் சவாயாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது என்றார்கள். அப்போதுதான் ஊர் கொதித்தது. அந்த அம்மாள் மேல் நேயர்களுக்கும் அங்கே வேலை செய்தவர்களுக்கும் அவ்வளவு பிரியம்.

அந்த நீக்கத்தைப் பற்றி ஒலிபரப்பில் பேசக் கூடாது என்று உத்தரவு. பேசிய மூத்த செய்தியாளர் லாரி பென்ஸ்கியை வெளியே அனுப்பினார்கள். ஜூலை 13 அன்று டென்னிஸ் பெர்ன்ஸ்டீன் என்ற நிகழ்ச்சித் தொகுப்பாளரை நிலையத்துக்குள்ளேயே காவலாட்கள் சூழ்ந்தார்கள். அந்தச் சச்சரவு வானொலியிலேயே கேட்டது. ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டடத்தைப் பூட்டி ஊழியர்களை வெளியே நிறுத்தினார்கள். வாசலில் உட்கார்ந்தவர்களில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் கைது. மாதக் கடைசியில் பத்தாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். இங்கே உள்ள வயசாளிகள் அதைப் பற்றி இன்றைக்கும் உட்காரவைத்துப் பேசுவார்கள்.

இத்தனைக்கும் போர்டின் தலைவர் மேரி ஃபிரான்சிஸ் பெர்ரி சாதாரண ஆள் இல்லை. அமெரிக்க அரசின் குடிமை உரிமைகள் ஆணையத்துக்கே தலைவராக இருந்தவர், கறுப்பின மக்களுக்காகவும் பெண்களுக்காகவும் பாடுபட்டவர். நல்லவர்கள் உட்கார்ந்தால் போர்டு நல்லது செய்யும் என்று நம்ம ஊரிலும் இருபது வருஷம் நம்பிக்கொண்டிருந்தோம். யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைவிட, அவரை யார் எழுப்ப முடியும் என்பதுதான் கேள்வி.

பூட்டு மூன்று வாரத்தில் திறந்தது. அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர்கள் போகவில்லை. நேயர்கள் ஒரு பக்கம், உள்ளூர்க் குழுக்காரர்கள் ஒரு பக்கம், போர்டுக்குள்ளேயே மாறுபட்டவர்கள் ஒரு பக்கம் என்று வழக்குப் போட்டார்கள். 2001 டிசம்பரில் சமரசம் வந்து பழைய போர்டு போனது. 2003-இல் புது விதிகள். வருஷத்துக்கு 25 டாலர் கொடுத்தவருக்கும், பணமில்லாமல் மூன்று மணி நேரம் தொண்டு செய்தவருக்கும் ஓட்டு என்று ஆனது. சவாயாவுக்கு அந்த நாற்காலி திரும்பக் கிடைக்கவில்லை. பல வருஷம் கழித்து, 2007-இல், பசிபிக்காவுக்கே தலைமை நிர்வாகியாக வந்தார், நீடிக்கவில்லை. ஓட்டு வந்த பிறகு அங்கே கட்சி கட்டிக்கொண்டு அடித்துக்கொண்டதும் உண்டு, கடனும் ஏறியது. எல்லாம் சுகமாக முடிந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இனி ஒரு மேலாளரை நீக்கினால், நீக்கியவரைக் கேள்வி கேட்க ஊருக்கு ஓர் ஓட்டு இருக்கிறது.

நமக்கு அது இருக்கிறதா? மனு எழுதுமுன் பார்த்திருக்க வேண்டியது இதைத்தான். 'டிரஸ்ட்' என்று நாம் சொன்னாலும், நடத்துவது பதிவில் சங்கமா, டிரஸ்டா? 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்த சங்கம் என்றால், அதற்கு உறுப்பினர்கள் உண்டு, பொதுக்குழு உண்டு. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் கேட்டால் பதிவாளர் விசாரணை வைக்கலாம், 36-ஆம் பிரிவில் இருக்கிறது. கலெக்டரும் பதிவாளரை விசாரிக்கச் சொல்லலாம். டிரஸ்ட் என்றால் உறுப்பினர் என்ற பேச்சே இல்லை. டிரஸ்டிகள் இருப்பார்கள், அவர்களுக்குப் பிறகு யார் என்பதைப் பத்திரம் சொல்லும். நாம் கீற்றுப் போட்டது, சுவர் எழுப்பியது, பிடியரிசி கொடுத்தது எதுவும் நமக்கு அங்கே ஒரு சொல் உரிமையைத் தராது. பொது அறக்கட்டளையாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது: உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவு. அறக்கட்டளையில் அக்கறையுள்ள இரண்டு பேர் கோர்ட் அனுமதியோடு வழக்குப் போட்டு, கணக்குக் கேட்கலாம், டிரஸ்டியை நீக்கக் கேட்கலாம், நடத்துவதற்கு ஒரு திட்டம் வகுத்துத் தரக் கேட்கலாம். அந்தத் திட்டத்தில்தான் ஊர்க்காரர் இரண்டு பேருக்கு இடம் வாங்க வேண்டும். அக்காவின் வேலையை இந்த வழியில் மீட்க முடியாது. அதை அக்காவிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். நான் போனில் சொன்னபோது, "பள்ளிக்கூடம் பூட்டாம இருந்தா சரி, தாயி" என்றார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு அவர்களை விட்டுவிடாதீர்கள். இத்தனை வருஷப் பணிக்கொடை வந்ததா என்று விசாரியுங்கள், கூச்சத்தில் அவர்கள் கேட்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டிய போஸ்டரின் போட்டோவும் வந்தது. டிரஸ்டிகள் என்ன சாதி, அக்கா என்ன சாதி என்று அதில் எதற்கு? ஒட்டியவர் யார் என்று உங்களுக்குத் தெரியும், அவர் பிள்ளையும் அந்த வெந்நீர் வாளியில் கை நனைத்தவன்தான். அந்தப் போஸ்டரை முதலில் கிழியுங்கள். அது சுவரில் இருக்கும் வரை கலெக்டர் ஆபீசில் நம்மைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்றுதான் எழுதுவார்கள்.

'நாமே புதுசா ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சிரலாம், அமெரிக்காவிலிருந்து நீங்க பணம் அனுப்புங்க' என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். ஆசைதான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. இங்கே குடியுரிமை வாங்கிவிட்ட நம்ம ஊர்க்காரர்கள் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் அவர்கள் பணம் வெளிநாட்டுப் பணம்தான். அதை வழக்கமாக வாங்கப் பதிவு வேண்டும், பதிவுக்கு மூன்று வருஷம் நடந்திருக்க வேண்டும், 15 லட்சம் ரூபாய்க்கு வேலை செய்து காட்டியிருக்க வேண்டும். அதுவரை பிள்ளைகள் எங்கே படிப்பார்கள்? இருக்கிற கட்டடம் நம்ம தாத்தாமார் எழுதிக்கொடுத்த நிலத்தில் நிற்கிறது. அதை விட்டுவிட்டு வெளியே வந்து புதுப் பந்தல் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஆகவே வருகிற வாரம் யாராவது ஒருவர் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போங்கள். அந்த நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். நிலப் பத்திரத்தின் நகலை யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாங்கலாம், டிரஸ்டைக் கேட்க வேண்டியதில்லை. எந்தக் காரியத்துக்கென்று நிலத்தை எழுதினார்கள், அந்தக் காரியம் நின்றால் நிலம் யாருக்கு என்று அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'பள்ளிக்கூடத்துக்காக' என்று ஒரு வார்த்தை இருந்தால்கூட வக்கீலுக்குப் பிடி கிடைக்கும். டிரஸ்டுக்குள் ஒரு டிரஸ்டி மட்டும் தையல்கூடத்துக்குச் சம்மதிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நிஜமானால் அவரைப் போய்ப் பாருங்கள், மாலை போட வேண்டாம், பேசிவிட்டு வாருங்கள்.

நகலுக்கும் வக்கீலுக்கும் ஆகும் செலவில் என் பங்கை அனுப்பியிருக்கிறேன், தபால் ஆபீஸ் அண்ணாச்சியிடம் இருக்கிறது. ரசீது வாங்கி வையுங்கள். இந்த முறை லேபிள் தாளில் வேண்டாம்.

இப்படிக்கு,
மாலைப் பள்ளியில் படித்த ஒருத்தி,
ஓக்லாந்து, கலிபோர்னியா