எட்டில் ஒன்று

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசற்பகுதியில் குடும்பச் சொத்தென்பது பெரும்பாலும் நிலமே. கணவன் விட்டுச்செல்லும் சொத்தில், பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லையெனில் நான்கில் ஒன்று என்பது திருமறை விதித்த பங்கு. மஹர் பாக்கியோ கடன். அதனைத் தீர்த்த பின்னரே பாகப்பிரிவினை.

எனினும், 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கிவைத்தது. சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுத் திருத்தமே அவ்விலக்கை அகற்றியது. அதுவரை, நிலத்தைப் பொறுத்தவரை ஊர் வழக்காறு குறுக்கிட இடமிருந்தது.

இன்று சட்டம் தடுக்கவில்லை, நாம்தான் தடுக்கிறோம். இத்தா முடியுமுன்பே விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்குகிறோம். “அம்மாவுக்கு எதற்கு நிலம்? பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்” என்கிறோம். பார்த்துக்கொள்வது பரிவு, பங்கோ உரிமை. பரிவைக் காட்டி உரிமையைப் பறித்தல் அறமாகாது. முதலில் பங்கை அளந்து கொடுப்போம். அதன்பின் எவருக்கு ஈந்தாலும் அஃது அவர் விருப்பம்.