உறுதிமொழியும் பிரம்பும்

பள்ளிகளில் தேசிய உறுதிமொழியை மாணவர்கள் சொல்லியே தீர வேண்டுமா? இதற்கு வழிகாட்டும் தீர்ப்பு கேரளத்து வழக்கு ஒன்றிலேயே பிறந்தது.

1985-ல் கோட்டயம் மாவட்டப் பள்ளி ஒன்றிலிருந்து மூன்று பிள்ளைகள் வெளியேற்றப்பட்டனர். தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. அதுவே குற்றமாயிற்று. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எழுந்து நிற்பதே மரியாதைதான் என்று கூறி, அவர்களை மீண்டும் சேர்க்கும்படி 1986 ஆகஸ்ட் 11-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது.

கீதத்துக்குச் சொன்ன நியாயம் உறுதிமொழிக்கும் பொருந்தும். 1962-ல் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் அதைத் தம் தாய்மொழியான தெலுங்கில் எழுதினார். ஆனைக்கரைத் தமிழ்ப் பிள்ளைகளும் பொருள் உணர்ந்து தமிழில் சொல்லட்டும். சொல்லாமல் நிற்கும் பிள்ளையிடம் ஆசிரியர் காரணம் கேட்கலாம், விரட்டலாகாது. பிரம்புக்கு அஞ்சிச் சொல்லும் உறுதிமொழி உதட்டோடு நின்றுவிடும்.