டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தையை சம்மர் கேம்ப் அனுப்பலாமா? சேர்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஏப்ரல் வந்தாலே வாட்ஸ்அப் குரூப்களில் சம்மர் கேம்ப் போஸ்டர்கள் வரிசைகட்டும். நீச்சல், சிலம்பம், ரோபாட்டிக்ஸ், ஏற்காட்டில் இரண்டு நாள் டிரெக்கிங் என ஏகப்பட்ட சாய்ஸ். பதிவுப் படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருக்கும்: ‘குழந்தைக்கு ஏதேனும் உடல்நலப் பிரச்சினை உண்டா?’

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தையின் பெற்றோர் அந்த இடத்தில் தயங்கி நிற்பார்கள். ‘ஆம்’ என்று எழுதினால் “எங்களால பொறுப்பு எடுத்துக்க முடியாது சார்” என்ற பதில் வரலாம். ‘இல்லை’ என்று எழுதினால் சீட் கிடைத்துவிடும். ஆனால் குழந்தைக்கு உண்மையான ஆபத்து தொடங்குவது இந்த ‘இல்லை’யில்தான்.

டைப் 1 என்றால் என்ன?

பெரியவர்களிடம் பரவலாகக் காணப்படும் சர்க்கரை நோய் டைப் 2. டைப் 1 வேறு. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. இனிப்பு அதிகம் சாப்பிட்டதால் வருவதில்லை. பெற்றோர் வளர்ப்பிலும் தவறு இல்லை. மாத்திரை, டயட் மட்டும் போதாது. தினமும் பல முறை இன்சுலின் ஊசியோ, இன்சுலின் பம்ப்போ கட்டாயம் தேவை.

சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பின் 2021 அட்லஸ்படி, இந்தியாவில் 20 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 2.29 லட்சம் பேருக்கு டைப் 1 இருக்கிறது. உலகிலேயே இதுதான் அதிகம். அப்படியிருந்தும் ‘குழந்தைக்கு சுகரா?’ என்று ஆச்சரியப்படுபவர்களே இங்கு அதிகம்.

கேம்ப்பில் என்ன மாறும்?

வீட்டில் சாப்பாடு, விளையாட்டு, தூக்கம் மூன்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கும். இன்சுலின் அளவும் அதற்கேற்ப இருக்கும். கேம்ப்பில் இந்த மூன்றுமே மாறிவிடும். வழக்கத்தைவிட அதிக ஓட்டம், தாமதமாக வரும் மதிய உணவு, நண்பன் நீட்டும் பிஸ்கட், போதாக்குறைக்கு வெயில். சூட்டில் ஊசி போட்ட இன்சுலின் சீக்கிரமே வேலை செய்யத் தொடங்கும். ஓடியாடினால் சர்க்கரை இன்னும் இறங்கும்.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் அது ‘லோ சுகர்’. நடுக்கம், வியர்வை, திடீர் பசி, எரிச்சல், சோர்வு, குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். ஆறேழு வயதுக் குழந்தைக்கு இதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. பார்ப்பவர்களுக்கோ ‘வெயில்ல டயர்டு ஆயிட்டான்’ என்றோ ‘அடம் பிடிக்கிறா’ என்றோதான் தோன்றும். நீச்சல் குளத்தில் இப்படி நேர்ந்தால் விளைவு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அரைகுறை அறிவுதான் சிக்கல்

‘சுகர் இருக்கிறவங்களுக்கு இனிப்பு கொடுக்கக் கூடாது’ என்று பெரும்பாலானோர் நம்புகிறார்கள். லோ சுகரில் நடுங்கும் குழந்தைக்கு உடனே தேவைப்படுவதே இனிப்புதான். நல்லது செய்வதாக நினைத்து மிட்டாயைப் பிடுங்கி வைக்கும் ஒரு தன்னார்வலரால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து வரலாம்.

செய்ய வேண்டியது இதுதான்: விளையாட்டை நிறுத்தி உட்கார வைத்து, குளுக்கோஸ் பவுடர், சர்க்கரைத் தண்ணீர் அல்லது பாக்கெட் ஜூஸ் தர வேண்டும். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பொதுவாக ஒன்றிரண்டு டீஸ்பூன் சர்க்கரை போதும். சரியான அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதித்து, 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை தர வேண்டும். குழந்தையைத் தனியாக முதலுதவி அறைக்கு நடக்கவிடக் கூடாது. மயங்கிவிட்டாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

நேர்மாறான ஆபத்தும் உண்டு. ‘இன்னிக்கு சரியா சாப்பிடலையே’ என்று இன்சுலினை அடியோடு விட்டுவிட்டால், உடலில் கீட்டோன் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு தெரிந்தால் ‘சாப்பாடு ஒத்துக்கலை’ என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

விதிமுறைகள் என்ன சொல்கின்றன?

தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2023 மார்ச்சில் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. டைப் 1 உள்ள மாணவர்களை வகுப்பிலும் தேர்வறையிலும் சுகர் பரிசோதிக்க, இன்சுலின் போட, இடையில் சாப்பிட அனுமதிக்க வேண்டும் என்றும், மருத்துவர் ஆலோசனைப்படி விளையாட்டிலும் சேர்க்கலாம் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. அதே ஆண்டு உத்தரப் பிரதேச அரசு இதைப் பள்ளிகளுக்கு உத்தரவாகவே அனுப்பியது.

ஆனால் அந்தக் கடிதம் பேசுவது பள்ளிகளைப் பற்றி. தனியார் கோடை முகாம்கள் அதில் வரவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 பிரிவுகளிலும் நீரிழிவு நோய் இல்லை. ஆக, ‘சேர்க்க மாட்டோம்’ என்று முகாம் நடத்துபவர் சொன்னால், பெற்றோர் கையில் காட்டுவதற்கு வலுவான விதி எதுவும் இல்லை. பலர் நோயை மறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

‘டாக்டர் இருக்காரா?’ என்று மட்டும் கேட்டால் போதாது. மாலை வந்துபோகும் டாக்டரைவிட, நாள் முழுக்க குழந்தையின் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரியவர்தான் முக்கியம்.

• குழந்தைக்குப் பொறுப்பான ஒரே நபர் யார்? அவர் லீவு என்றால் அடுத்து யார்?
• சுகர் பார்க்க, ஊசி போட அவர் தயாரா? முகாமுக்கு முன்பே அரை மணி நேரம் நேரில் பயிற்சி எடுத்துக்கொள்வாரா?
• சாப்பாட்டு நேரமும் மெனுவும் முன்கூட்டியே கிடைக்குமா?
• நீச்சல், டிரெக்கிங்குக்கு முன்பு சுகர் பார்க்க நேரம் தருவார்களா?
• பக்கத்து மருத்துவமனைக்குப் போக எத்தனை நிமிடம் ஆகும்? வண்டி தயாராக இருக்குமா?

ஏழு வயதுக் குழந்தை தானே விரலில் குத்தி சுகர் பார்க்கக் கற்றிருக்கலாம். இன்சுலின் அளவைக் கணக்கிடும் பொறுப்பை அதன் தலையில் வைக்க முடியாது. போன் எடுக்கும் தூரத்தில் அப்பாவோ அம்மாவோ இருந்து அளவைச் சொல்வதே பாதுகாப்பானது. மலைப்பகுதி என்றால் அங்கே சிக்னல் கிடைக்குமா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

பையில் என்ன இருக்கணும்?

தேவைக்கு இரு மடங்காக இன்சுலின், ஊசி, ஸ்டிரிப். மாற்று பேட்டரி, குளுக்கோஸ் பாக்கெட்கள். கையில் சென்சார் இருந்தாலும் குளுக்கோமீட்டர் அவசியம். சர்க்கரை வேகமாக இறங்கும்போது சென்சார் காட்டும் எண் சில நிமிடம் பின்தங்கியே இருக்கும். விரலில் குத்தும் முன் கை கழுவுவதும் முக்கியம். மாம்பழம் சாப்பிட்ட கையோடு பார்த்தால் இல்லாத சுகரை மீட்டர் காட்டும். அதை நம்பி ஊசி போட்டால் லோ ஆகிவிடும்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். திறந்ததைச் சுமார் நான்கு வாரம் ஃபிரிட்ஜுக்கு வெளியே வைக்கலாம் என்றாலும், பெரும்பாலான வகைகளுக்கு வரம்பு 25 முதல் 30 டிகிரிதான். மே மாத வேலூரிலோ திருச்சியிலோ அது சாத்தியமில்லை. கூலிங் பவுச் இல்லாவிட்டால், தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு ஈரமான மண்பானைக்குள் வைக்கலாம். ஃப்ரீசரில் வைப்பது, ஐஸ் கட்டியின் மேல் நேரடியாக வைப்பது, வெயிலில் நிற்கும் வேனில் விட்டுவிடுவது எல்லாமே இன்சுலினைக் கெடுத்துவிடும்.

இரவுத் தங்கல் எப்போது?

பகல் முழுக்க ஓடியாடியதன் விளைவு நள்ளிரவில்கூடத் தெரியும். எனவே தூங்கும் முன்பு ஒருமுறை, அதிகாலை 2 அல்லது 3 மணிக்கு ஒருமுறை சுகர் பார்க்க வேண்டும். ‘அந்த நேரத்துல யார் எழுந்திருப்பாங்க?’ என்று கேட்டால் முகாமிலிருந்து ஒரு பெயர் பதிலாக வர வேண்டும். வரவில்லையென்றால் இந்த வருடம் பகல்நேர கேம்ப் போதும். முதல் இரண்டு நாள் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலேயே இருக்கலாம். டைப் 1 குழந்தைகளுக்கென்றே மருத்துவக் குழுவோடு நடக்கும் முகாம்களும் உண்டு. அமெரிக்காவில் இவை 1925-லேயே தொடங்கிவிட்டன. இந்தியாவிலும் சில நீரிழிவு மருத்துவமனைகளும் அமைப்புகளும் நடத்துகின்றன. தன்னைப் போலவே ஊசி போட்டுக்கொள்ளும் இன்னொரு குழந்தையை முதன்முறை பார்ப்பது பல குழந்தைகளுக்கு இங்கேதான்.

மற்றபடி, உரிய ஏற்பாடு இருந்தால் டைப் 1 உள்ள குழந்தையும் நீந்தலாம், மலை ஏறலாம், பர்த்டே கேக்கும் சாப்பிடலாம். படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதி, கீழே பொறுப்பாளரின் பெயரையும் போன் நம்பரையும் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு மழுப்பும் முகாமில் சீட் கிடைக்காமல் போனால் அது நஷ்டமே அல்ல.