நடுவில் விடுபட்ட வீடுகள்

பியோமெட்ராவோடு வரும் பெட்டை நாயை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏழெட்டு வயது இருக்கும். பருவம் வந்துபோய் ஒரு மாதம் ஆகியிருக்கும். தண்ணீரை விடாமல் குடிக்கும், சோற்றைத் தொடாது. ஸ்கேன் வைத்தால் சீழ் நிறைந்த கருப்பை தெரியும். இன்றே அறுக்க வேண்டும் என்கிறோம்; செலவைக் கேட்டதும் வீட்டுக்காரர் பேச்சற்று நிற்கிறார். கருத்தடை செய்யாத பெட்டைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்த நோய் வருவதை ஸ்வீடன் நாட்டுக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. இளம் வயதில், உடல் நன்றாக இருக்கும்போது செய்திருக்கக்கூடிய அதே அறுவையை, இப்போது நச்சு ஏறிய உடம்பில், பல மடங்கு செலவிலும் ஆபத்திலும் செய்கிறோம். அப்போதே ஏன் செய்யவில்லை என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில் நமக்குத் தெரியும்: "கேட்டுப் பார்த்தோம் டாக்டர், அவ்வளவு பணம் புரட்ட முடியலை."

இந்தப் பதிலுக்கு நம் தொழில் பொறுப்பேற்க வேண்டும் என்பதே இவ்விதழில் நாங்கள் சொல்ல வருவது.

தெருநாய்க்கு இந்த நாட்டில் ஒரு வழி இருக்கிறது. அதற்கு வித்திட்ட ஊர்களில் முதன்மையானது சென்னை. 1959இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ், நாய்களைப் பிடித்துக் கொல்வதை விட்டுக் கருத்தடை செய்யுங்கள் என்று அறுபதுகளிலேயே வற்புறுத்தியது. மாநகராட்சி அதை ஏற்க 1996 வரை ஆனது. 2001இல் அது மத்திய அரசின் விதியாயிற்று. 2023 மார்ச்சில் புதிய விதிகள் வந்தன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தன் முந்தைய உத்தரவை மாற்றி, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்ற நாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களுக்கு மட்டும் நவம்பரில் வேறு உத்தரவு வந்தது. குறைகள் ஆயிரம் இருந்தாலும் தெருநாயைப் பற்றி அரசு பேசுகிறது, நீதிமன்றம் பேசுகிறது, பட்ஜெட்டில் ஒரு வரி இருக்கிறது.

வீட்டு நாய்க்கு அந்த ஒரு வரியும் இல்லை. 2001 விதிகள் வளர்ப்பு நாயின் கருத்தடையை உரிமையாளரின் பொறுப்பாக்கின. அந்தப் பொறுப்பை அவர் எந்த விலையில், எந்த மேசையில் நிறைவேற்றுவது என்பதை யாரும் சொல்லவில்லை. வசதி உள்ளவருக்குக் குளிரூட்டிய தனியார் மருத்துவமனை உண்டு. ஆட்டோ ஓட்டுபவர், மீன் விற்பவர், வாடகை வீட்டில் நாட்டு நாய் ஒன்றை வளர்க்கும் தையல்காரர் ஆகியோர் எங்கே போவார்கள்? அரசு மருத்துவமனைகளில் மருத்துவர் மனம்வைத்துச் செய்யும் இடங்கள் உண்டு. ஆனால் மாடும் ஆடும் கோழியும் கவனிக்கும் ஒரே மருத்துவர் ஒரு நாய்க்காக ஒரு மணி நேரம் ஒதுக்குவது எளிதல்ல. மயக்க மருந்து இருப்பில் இல்லாத மாதங்களும் உண்டு.

அதன் விளைவைத் தெருவில் பார்க்கிறோம். நம் ஊரில் நாய்க்குட்டி கேட்பவர் முதலில் கேட்பது கடுவன் குட்டிதானா என்பது. ஈற்றில் மிஞ்சும் பெட்டைக் குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டு மார்க்கெட் ஓரத்திலோ கோயில் வாசலிலோ விடப்படுகின்றன. பிழைத்தவை அடுத்த ஆண்டே குட்டி போடுகின்றன. வீட்டில் சோறு தின்றுவிட்டுத் தெருவில் திரியும் நாய்கள் வேறு. மாநகராட்சி வண்டி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே இருக்க, நாம் கண்ணை மூடிக்கொண்ட வீடுகளிலிருந்து தெருவுக்குப் புது நாய்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு பகுதியின் நாய்களில் எழுபது விழுக்காட்டை எட்டாமல் பலன் தெரியாது என்று தெருநாய்த் திட்டக்காரர்களிடம் சொல்கிறோம். அந்தக் கணக்கில் வீட்டு நாயைச் சேர்க்காவிட்டால் கணக்கு ஒருநாளும் நேராகாது.

பூனையின் நிலை இன்னும் மோசம். நாயைப் பற்றியாவது சண்டை போடுகிறார்கள். பூனையை யாரும் நினைப்பதே இல்லை. பகல் நீளும்போது பருவத்துக்கு வரும் உயிர் அது. குளிர்நாடுகளில் குளிர்காலம் அதற்கு ஓய்வு தருகிறது. பகலின் நீளம் பெரிதாக மாறாத நம் ஊரில் அந்த ஓய்வு கிடைப்பதில்லை. சினைக்காலம் ஒன்பது வாரம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகிவிடும். ஆறு மாதம் ஆகட்டும், ஒரு ஈற்று போடட்டும் என்று நாம் சொல்லி அனுப்பும் பூனை, மறுமுறை வரும்போது வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. ஐந்து மாதத்துக்குள் பூனைக்குக் கருத்தடை செய்வதை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2017இல் ஆதரித்தது. நாம் இன்னும் பழைய பாடத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதில் மனம் வருந்தும் செய்தி ஒன்று உண்டு. அறுவைக்குப் பணம் இல்லாதவர் மருந்துக்கடையில் மெட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன் ஊசியை வாங்கிப் பூனைக்குப் போடச் சொல்கிறார். நம்மில் சிலர் போட்டும் விடுகிறோம். மடி வீங்கிப் புண்ணாகி வரும் பூனைகளும், கருப்பையில் சீழ் பிடித்து வருபவையும் அந்த மலிவு ஊசியின் மீதிக் கணக்கு. பூனைக்கு வரும் மடிக்கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் என்பதை அறிந்த கை அந்த ஊசியை எடுக்கக் கூடாது.

சரி, விலையை எப்படிக் குறைப்பது? 1971இல் லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி குறைந்த கட்டணக் கருத்தடை மையம் திறந்தபோது உள்ளூர்க் கால்நடை மருத்துவர்கள் பலர் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சினார்கள். வட கரோலினாவின் ஆஷ்வில் ஊரில் 1994இல் தொடங்கிய ஹியூமேன் அலையன்ஸ் இன்னொரு படி மேலே போய், தான் கற்ற முறையைப் பிற ஊர் மருத்துவர்களுக்குப் பயிற்றுவித்தது. அங்கு கண்டுகொண்டது எளிமையானது. செலவில் பெரும்பகுதி நேரம். ஒரே நாளில் ஒரே வகை அறுவையை அடுத்தடுத்துச் செய்தால் மருத்துவரின் நேரமும் உதவியாளரின் நேரமும் சுருங்கும், மருந்தும் வீணாகாது. சிறு கீறல், கடுவனுக்கு விந்துக்குழாயையும் ரத்தக்குழாயையும் ஒன்றோடொன்று முடிச்சிடும் முறை, பூனையின் சினைப்பைக் காம்பை அதைக் கொண்டே கட்டுவது, தோலுக்கு அடியில் கரையும் தையல் என எல்லாம் நேரத்தை மிச்சப்படுத்துபவை. தையல் பிரிக்க இன்னொரு முறை வர வேண்டாம் என்பது தினக்கூலிக்காரருக்கு அரைநாள் சம்பளம்.

பழகிய கைக்குக் குட்டிப்பூனையின் கருப்பையை நீக்கச் சில நிமிடங்களே போதும். அந்தப் பழக்கம் எங்கே வரும்? பட்டம் வாங்கும்போது ஒரு மாணவர் தனியாகச் செய்து முடித்த கருத்தடைகள் எத்தனை என்று நம் கல்லூரிகள் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பார்த்ததும் கொக்கி பிடித்ததும் கணக்கில் வராது. ஊட்டியில் உள்ள டபிள்யூவிஎஸ் பயிற்சி மையத்துக்குப் போய்க் கற்றுவந்தவர்களின் கையில் தெரியும் உறுதி, கல்லூரி வளாகத்திலேயே எல்லோருக்கும் கிடைக்க வேண்டியது.

எதைக் குறைக்கலாம் என்று சொல்பவர் எதைக் குறைக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வலி நிவாரணியைக் குறைக்கக் கூடாது. மெலாக்சிகாம் ஒரு வேளைக்கு ஆகும் செலவு கையுறைக்கு ஆவதைவிடப் பெரிதாக இருக்காது. லிக்னோகெய்ன் அதைவிட மலிவு. சைலசின், கெட்டமின் மயக்கத்தில் அசையாமல் கிடப்பதை வலியில்லை என்று எடுத்துக்கொள்வது இன்னும் நம்மிடையே இருக்கிறது; அது போக வேண்டும். ஒரு விலங்குக்கு ஆட்டோகிளேவ் செய்த தனிப் பேக். கிருமிநாசினித் தட்டில் கருவிகளைத் தோய்த்து அடுத்த நாய்க்கு எடுக்கும் முகாம்களை எந்தப் பெயரில் நடத்தினாலும் நாங்கள் ஏற்கமாட்டோம். நரம்பில் ஊசிக்குழாய், மயக்கம் தெளியும்வரை உடற்சூடு, மூச்சைக் கவனிக்க ஓர் ஆள், போகும்போது எழுத்தில் ஒரு தொலைபேசி எண். முகாம் முடிந்து ஊரைவிட்டுக் கிளம்பிவிடும் குழுவால் கடைசியாகச் சொன்னது முடியாது. இரவு பத்து மணிக்குத் தையல் பிரிந்த நாயோடு நிற்பவருக்கு யார் கதவைத் திறப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் கத்தியை எடுக்கவே கூடாது.

வயது பற்றி ஒரு சொல். முதல் பருவத்துக்கு முன் செய்தால் மடிக்கட்டி அரை விழுக்காடாகக் குறையும் என்ற 1969ஆம் ஆண்டு ஆய்வை நாம் எல்லோரும் ஒப்பித்து வருகிறோம். 2012இல் வந்த மீளாய்வு அந்தச் சான்று அவ்வளவு வலுவானதல்ல என்றது. கோல்டன் ரிட்ரீவர் போன்ற பெரிய இனங்களில் மிக இளவயதுக் கருத்தடைக்கும் மூட்டு நோய்க்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகளும் உள்ளன. அப்படிப்பட்ட நாய்க்கு உரிமையாளரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம். திறந்த வாசலில் திரியும் நாட்டுப் பெட்டைக்குக் காத்திருப்பது பெரும்பாலும் குட்டியில்தான் முடியும்.

நம் வருமானம் என்னாகும் என்று கேட்கும் இளம் மருத்துவர்களின் கவலை நியாயமானது. கடன் வாங்கி கிளினிக் வைத்திருப்பவரிடம் தொண்டு செய் என்று உபதேசிக்க எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் இங்கே பேசும் வீடுகள் இன்று உங்கள் வாசலுக்கே வருவதில்லை. வாரத்தில் கூட்டம் குறைந்த ஒரு காலை நேரம், முன்பதிவு, வாசலில் எழுதிப்போட்ட ஒரே கட்டணம், ஆறு அல்லது எட்டு விலங்குகள் என்று வைத்துப் பார்க்கலாம். மருந்தும் தையல் நூலும் நான்கைந்து கிளினிக்குகள் சேர்ந்து மொத்தமாக வாங்கலாம். ஆட்டோகிளேவ் இல்லாதவர் பக்கத்துத் தெருக்காரரிடம் பேக் போட்டு வாங்கலாம். கட்டணத்தில் பாதியை உள்ளாட்சி தர வேண்டும் என்று கேட்க நம் மாவட்டச் சங்கங்களுக்கு உரிமை உண்டு, ஏனென்றால் இங்கே பிறக்காத குட்டியை நாளை அவர்கள் வண்டி வைத்துப் பிடிக்க வேண்டியதில்லை.

அடுத்த இதழ் முதல் இதற்கென ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். இப்படி ஒரு நாளை நடத்துபவர்கள் கட்டணம், ஒரு விலங்குக்கான மருந்துச் செலவு, மயக்கத்தில் இறந்தவை, காயம் பிரிந்தவை, சினைப்பைத் துணுக்கு தங்கி மறுபடி பருவத்துக்கு வந்தவை ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். இறப்பை எழுதுபவரின் பெயரை அவர் விரும்பினால் மறைத்து வெளியிடுவோம், எண்ணை மறைக்கமாட்டோம்.